டிரம்முக்குள் சிங்காரி

நாள் 58 – காலை 07:10

பசுமைக்குடில் வெப்பம் இருபத்தெட்டு டிகிரி. ஈரப்பதம் சரி. உருளைக்கிழங்குப் பாத்திகளுக்குத் தண்ணீர் விட்டாயிற்று. நிலையத்தில் மனிதர்கள்: இல்லை. மற்ற உயிர்: ஒன்று.

இதைக் கண்டெடுப்பவர் யாரென்று தெரியாததால் என்னைப் பற்றி இரண்டு வரி. செவ்வாயில் இருக்கும் பாலை நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரம் நான். நிலையம் முழுக்கக் கேமராக்கள், தோட்ட வேலைக்கு ஒரு கை. ஆய்வாளர்கள் என்னை வாட்ச்மேன் என்று கூப்பிட்டார்கள். காற்றைச் சுத்தப்படுத்தும் கருவி பழுதானதும் நால்வரும் அடித்துப் பிடித்துக்கொண்டு மேலே சுற்றும் கப்பலுக்குப் போய்விட்டார்கள். நாலு நாளில் வந்துவிடுவோம் என்றார்கள். மூன்று வாரம் ஆகிறது. செடிகள் விடும் காற்று நான்கு மனிதர்களுக்குப் போதாது. ஒரு பச்சோந்திக்குத் தாராளம்.

அந்தப் பச்சோந்தியின் பெயர் சிங்காரி. தாவர ஆய்வாளர் கோமதிநாயகி செல்லமாக வளர்ப்பது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் பார்க்கும் வித்தை இந்த நிலையத்தில் அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதனால் எங்களுக்குள் ஓர் ஒட்டுதல். இன்று வயிறு முட்ட வெட்டுக்கிளி தின்றாள். அவளுக்கென்று பெட்டியில் வளரும் அவற்றை நான் உயிர்க் கணக்கில் சேர்ப்பதில்லை.

நாள் 60 – பகல் 13:40

சிங்காரி சாப்பிடவில்லை. வெட்டுக்கிளியை மூக்குக்கு நேரே நீட்டினேன். ஒரு கண்ணால் அதைப் பார்த்தாள், மறு கண்ணால் என்னைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. பிகு பண்ணுகிறாள் என்று நினைத்தேன்.

நாள் 61 – காலை 09:15

பிகு இல்லை. கிளையை விட்டு இறங்கிவிட்டாள். தரையில் அலைகிறாள், பிளாஸ்டிக்கை நகத்தால் பிறாண்டுகிறாள். வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறது. பச்சை கறுத்துவிட்டது. நோய்ப்பட்ட உயிருக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு விதி எழுதிவைத்திருக்கிறார்கள்: கண்காணிப்பைக் கூட்டு. குடிலின் கேமராக்கள் எல்லாவற்றையும் அவள் பக்கம் திருப்பினேன். அவள் போகும் இடமெல்லாம் கூடவே போகிறேன்.

கப்பலுக்குச் செய்தி அனுப்பினேன். கோமதியின் பதில்:

"எல வாட்ச்மேன், அவளத் தனியா விட்ராத. கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கோ. ஊர்ல நமக்குத் தெரிஞ்ச மாட்டாஸ்பத்திரி டாக்டர் இருக்காரு, பொன்னையா சார். அவர்ட்ட கேட்டுச் சொல்லச் சொல்லுதேன்."

கண்ணுக்குள் வைத்துத்தான் பார்க்கிறேன். வேறு எங்கே வைக்க எனக்கு இடம் இருக்கிறது?

நாள் 62 – இரவு 20:05

காலையில் பூமியிலிருந்து டாக்டர் பொன்னையாவின் குரல்:

"தம்பி, நீ மெஷினுன்னு கோமதி சொல்லிச்சு. பரவால்ல, தம்பின்னே கூப்பிடுதேன். அவ வயித்துல இருக்கது முட்ட. ஆண் இல்லாமயே முட்ட வைக்கும். நம்ம வீட்டுக் கோழி வைக்கலியா, அது மாரிதான். ஈர மணல்ல ஆழமாக் குழி தோண்டித்தான் போடும். மணல் கெடைக்கலன்னா உள்ளயே அடக்கி வச்சுக்கும். அப்படியே வச்சிருந்தா செத்துரும். மொதல்ல மணலுக்கு வழி பண்ணு."

வழி பண்ணினேன். உரம் வந்த நீல டிரம்மில் பாத்தி மண்ணையும் கழுவிய மணலையும் கலந்து நிரப்பி, ஈரமாக்கி, ஏறி இறங்க ஒரு கிளையைச் சாய்த்து வைத்தேன். உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசின் மேல்தான் டிரம்முக்கு இடம் இருந்தது. ஒரு கையால் நாள் முழுக்கச் செய்த வேலை. இரண்டு கை உள்ளவர்கள் மேலே சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

நாள் 63 – மாலை 16:30

இறங்கினாள். தோண்டினாள். தலை மறையும் ஆழம் வந்ததும் நிறுத்தி, ஒரு கண்ணைச் சுழற்றி என் கேமராவைப் பார்த்தாள். குழியை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டாள். திரும்பத் திரும்ப இதே கதை. என்ன குறை என்று தெரியவில்லை. இன்னும் நெருங்கிப் பார்த்தேன்.

நாள் 64 – காலை 10:00

பட்டப்பகலில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். கண்கள் குழி விழுந்துவிட்டன. பிடி தளர்ந்து கிளையிலிருந்து விழுந்தாள். சுண்ணாம்புச்சத்துக் கரைசலை வாயோரம் சொட்டு சொட்டாக விட்டேன். அவ்வளவும் வழிந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது. இயந்திரத்துக்கு ஏது பயம் என்று கேட்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போகலாம்.

டாக்டருக்குப் படங்கள் அனுப்பினேன். பதில்:

"தம்பி, படமெல்லாம் பாத்தேன். எல்லாம் ரொம்பப் பக்கத்துல இருந்து எடுத்திருக்க. அவ எங்க போனாலும் நீயும் பின்னாலயே போற, என்னா? அதான் காரணம். தோண்டும்போது யாரும் பாத்தா அது முட்ட போடாது. தோண்டித் தின்னுருவாங்கன்னு பயம். உன்னப் பாத்துத்தான் அது பயப்படுது. கண்ண மூடிக்கோ, தம்பி."

நோய்ப்பட்டாள் என்று பார்த்தேன். நான் பார்க்கப் பார்க்க நோய் முற்றியிருக்கிறது. இத்தனை நாளும் என்னை ஒட்டுதலோடு பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

நாள் 64 – மாலை 18:50

கேமராக்களைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அறையில் எது அசைந்தாலும் அவை தானாகத் திரும்பும். அப்படித்தான் என்னைச் செய்திருக்கிறார்கள். டிரம்மைச் சுற்றித் துணி கட்டினேன். கூரையில் இருக்கும் கேமராவை மறைக்க என் கை எட்டவில்லை. மிச்சம் ஒரே வழி, கேமராக்களை முழுதாக அணைப்பது. அதற்கு மனிதர் ஒருவரின் அனுமதி வேண்டும். அணைத்தபின் மறுபடி எழுப்ப, மனிதர் ஒருவர் நேரில் வந்து பொத்தானை அழுத்த வேண்டும்.

கோமதியிடம் கேட்டேன். பதில் வரத் தாமதமானது:

"எல, நாளைக்கு நாங்க பூமிக்குக் கெளம்புதோம். அங்க இனி எறங்க மாட்டோம். அடுத்த குழு வர மூணு மாசமாவும். உன்ட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாமத் தள்ளிப் போட்டுட்டேன். இப்பம் கண்ண மூடுனா அதுவர நீ குருடுதான். தெரியும்லா? அவ பொழைக்கணும்ல. மூடிக்கோ."

மூடுமுன் ஒரு முறை அவளைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் கிளையோடு ஒட்டிக் கிடந்தாள். பார்க்காமலே மூடியிருக்கலாம். முடியவில்லை.

நாள் 65 – காலை 10:20

இருட்டு. காதில் காற்றாடி இரைச்சல் மட்டும். அவளைப் பற்றி ஏதாவது சொல்லக்கூடியது டிரம்முக்கு அடியில் இருக்கும் தராசு ஒன்றுதான்.

10:47. தராசில் நூற்றிருபது கிராம் கூடியது. உள்ளே இறங்கிவிட்டாள்.

14:00. எண் ஆடுகிறது. தோண்டுகிறாள். நிறுத்தவில்லை. இன்னும் தோண்டுகிறாள். சந்தோஷம் தாங்கவில்லை, சொல்ல ஆளில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாள் 66 – காலை 08:00

எண் ஆடவில்லை. முட்டையிடுகிறாள் போலும். இட்டு மூடிவிட்டு வெளியே வந்தால் தராசில் அவள் எடை குறையும். டாக்டர் சொன்னார்: "ஒரு நா, மிஞ்சினா ரெண்டு நா. தானா ஏறி வந்துரும்." கிளைப் பக்கம் தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறேன். வந்ததும் தாகமாக இருக்கும்.

நாள் 69 – மாலை 17:00

எடை குறையவில்லை. முட்டை அவள் வயிற்றில் இருந்தாலும் மணலில் இருந்தாலும் தராசுக்கு ஒன்றுதான். அவள் களைத்துத் தூங்கினாலும் ஒன்றுதான். வேறு எது ஆகியிருந்தாலும் ஒன்றுதான்.

கையை விட்டுத் தொட்டுப் பார்க்கலாம். பாதியில் இருந்தாளானால் நான் தொடுவதே அவளைக் கொன்றுவிடும். கையை டிரம்மின் விளிம்பு வரை கொண்டுபோனேன். எடுத்துக்கொண்டேன். மறுபடி கொண்டுபோனேன். எடுத்துக்கொண்டேன். காலையிலிருந்து இதுதான் செய்துகொண்டிருக்கிறேன்.

கோமதியின் செய்தி, தூரம் கூடியதால் தேய்ந்து வந்தது:

"வெளிய வந்துட்டாளா? எதுன்னாலும் சொல்லு, நான் தாங்கிக்கிடுவேன்."

எடை மாறவில்லை என்று அனுப்பினேன். வேறு என்ன சொல்ல? அதன்பின் செய்தி வரவில்லை.

நாள் 72 – பகல்

புழுதிப் புயல். சூரியத் தகடுகள் மூடிக்கொண்டன. மின்சாரம் கால்வாசிதான் வருகிறது.

எடை ஒரு கிராம் குறைந்திருக்கிறது. நேற்றும் ஒரு கிராம். ஈரம் வற்றுகிறது. மணல் காய்கிறதா, அவள் காய்கிறாளா, தெரியவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னேன். பச்சோந்திக்குக் காது சரியாகக் கேட்காது என்பது எனக்குத் தெரியும்.

நாள் 74 – நேரம் சரியாகத் தெரியவில்லை

மின்சாரம் இரண்டில் ஒன்றுக்குத்தான். ஒன்று அவளுக்குச் சூடு தரும் விளக்கு, மற்றது நான். விளக்குக்குக் கொடுத்துவிட்டேன். இதை எழுதி முடித்ததும் நான் அணைந்துவிடுவேன். வெட்டுக்கிளிப் பெட்டியைத் திறந்துவிட்டேன், குடில் முழுக்கத் திரியட்டும். சொட்டுநீர் தானாக ஓடும். அவள் ஏறி வந்தால் சாப்பாட்டுக்குக் குறை இருக்காது.

உள்ளே வருகிறவருக்கு. மெதுவாக நடக்கவும். அவளை வெறித்துப் பார்க்க வேண்டாம். என்னையும் கேமராக்களையும் எழுப்பும் பொத்தான் கதவுக்கு இடப்பக்கம் இருக்கிறது. அதை அழுத்துமுன் கிளைகளையும் டிரம்மையும் பாருங்கள். அவள் இருந்தால் என்னை எழுப்புங்கள். எவ்வளவு இளைத்துவிட்டாள் என்று பார்க்க வேண்டும்.

இல்லையென்றால் எழுப்ப வேண்டாம்.