தேவி அக்காவுக்கு இன்னொரு வருடம்

ஜூன் 8, ஞாயிறு

பென்னாகரம் கூடைப்பந்து அணியில் தேவி அக்காவை இந்த ஆண்டும் வைத்துக்கொள்வதா என்று கோச் சார் யோசிக்கிறார். அக்காவுக்கு முப்பத்தெட்டு வயது. முழங்காலில் பட்டை கட்டித்தான் ஓடுகிறார். அவர் விலகினால் அந்த இடம் எனக்கு.

இன்று பயிற்சியில் அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. ஆனாலும் மூன்று பேருக்கு நடுவிலிருந்து அவர் வீசிய பந்து நேராக என் கைக்கு வந்தது. என்னை யாரும் மறிக்கவில்லை என்பது அதற்குப் பிறகுதான் எனக்கே தெரிந்தது.

“ஏ புள்ள, புத்தகம் மாதிரி பந்தையே பாத்துட்டு நிக்காத, போடு!” என்று அக்கா கத்தினார். போட்டேன். கூடையில் விழுந்தது.

பிறகு சார் கேட்டார்: “அவங்க இருந்தா நீ பெஞ்சுதான் கண்ணு. என்ன சொல்ற?”

“அக்கா இருக்கட்டுங்க சார். நான் உக்காந்து பாக்கறேன்.”

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முதுகிலும் கண் இருக்கிறதா என்று நாளை அக்காவிடம் கேட்க வேண்டும்.