மாடியேறி வந்து கேட்காத மன்னிப்பு

அனுப்புநர்:
கயிறு, சாக்கு, தார்ப்பாய் மொத்த வியாபாரி,
சந்தைக்குப் பின்தெரு (கீழே கடை, மேலே வீடு).

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
புனிதப் பயண முகவர்கள் உரிமப் பிரிவு.

பொருள்: எங்கள் இரண்டு ஹஜ் இடங்களை முகவர் பிறருக்கு மாற்றிக் கொடுத்தது, கடைசி விமானம் புறப்படுவதற்குள் வேறு இடம் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் அக்காவுக்கும் எனக்கும் உறுதி செய்திருந்த இரண்டு ஹஜ் இடங்களை எங்கள் முகவர் ஒரு கட்டட ஒப்பந்தக்காரருக்கும் அவர் மனைவிக்கும் கொடுத்துவிட்டு, குழுவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் கட்டிய பணம் முழுவதும் நேற்று இரவே என் வங்கிக் கணக்குக்குத் திரும்ப வந்துவிட்டது. அதைக் காட்டித்தான் இன்று காலை தங்கள் அலுவலக முகப்பில் இருந்தவர், "பணந்தான் வந்துடுச்சே, அப்புறம் என்ன புகாரு?" என்று என் முதல் மனுவைக் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். வராத பணத்துக்காக நான் எத்தனையோ பேர் வீட்டுப் படி ஏறியிருக்கிறேன். வந்த பணத்துக்காகப் படியேறுவது இதுவே முதல் தடவை என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

2. முகவர் எனக்கு வேற்றாள் அல்லர். தன் கல்யாணத்துக்கு முன்பே என் கடையில் விற்பனைக்குச் சேர்ந்தவர். சொந்தமாகப் பயண அலுவலகம் திறக்கும்வரை அவருக்கு மதியச் சாப்பாடு மாடியில், என் அக்கா கையால். அந்த அலுவலகக் கட்டடத்தின் வாடகைக்கு ஜாமீன் கையெழுத்து என்னுடையது. சந்தையில் யார் ஹஜ், உம்ரா என்று பேச்செடுத்தாலும், "நம்ம தம்பிகிட்டப் போங்க, கண்ணை மூடிக்கிட்டுக் கொடுங்க" என்று அனுப்பியதும் நானே. ஊரார் கண்ணை மூடச் சொன்னவன், என் கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டேன்.

3. பெற்றவர்கள் போன பிறகு என்னை ஆளாக்கியவர் அக்கா. கிழிந்த சாக்குகளை வாங்கி வந்து போடுவேன், ஒட்டுப் போட்டுத் தைத்துத் தருவார். என் முதல் சரக்கு அதுதான். இன்று அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்து வருகின்றன. கால் வீக்கத்தால் நாலு எட்டு நடந்தால் உட்கார வேண்டும். உடல் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்ட மருத்துவர், "இந்த வருஷம் போயிட்டு வந்துடுங்கம்மா. அடுத்த வருஷம் இந்தக் காகிதத்தைத் தூக்கிக்கிட்டு எங்கிட்ட வராதீங்க" என்றார். ஆகவே 'அடுத்த ஆண்டு முன்னுரிமை' என்று தங்கள் அலுவலகம் சொல்லும் ஆறுதல் எனக்குச் செல்லும், அக்காவுக்குச் செல்லாது.

4. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர், தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுகளைப் பொறுத்துக்கொள்ளுமாறு எல்லோரிடமும் கேட்டுவிட்டுப் போவது எங்கள் வழக்கம். நானும் கேட்டேன். வருடக் கணக்காகப் பேச்சு நின்றுபோன எதிர்க்கடைக்காரர்கூட, "உனக்காக இல்லய்யா, அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கிட்டேன்" என்று கையைக் கொடுத்தார். அப்படித்தான் முகவரும், குழுத் தலைவராகப் புறப்படுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து கடைக்கு வந்தார். ஆட்கள் பார்க்க என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா பொறுத்துக்குங்கண்ணே" என்று அழுதார். பொறுத்துக்கொண்டேன் என்று சொல்லி அணைத்துக்கொண்டேன். என்ன தப்பு என்று கேட்கவில்லை; இந்த இடத்தில் அப்படிக் கேட்பது மரியாதை அல்ல. மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் நான் சரக்கு எடுத்தது அன்று ஒருநாள்தான். மேலே அக்கா தேநீர் போட்டு வைத்திருக்கிறார், ஏறிவிட்டுப் போ என்றேன். நேரமில்லை என்று போய்விட்டார்.

5. குழுவினர் பெட்டிகள் விமான நிலையத்தில் அடையாளம் தெரிய வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் பச்சை நைலான் கயிறு என் கடையிலிருந்து அன்பளிப்பாகக் கொடுத்திருந்தேன். புறப்படும் நாளன்று பேருந்தருகே ஒப்பந்தக்காரர் ஒரு பெட்டியைத் தூக்க முடியாமல் நின்றார். பழகியவர் ஆயிற்றே என்று நானே தூக்கி உள்ளே வைத்தேன். அவர், "என்ன பாய், வழியனுப்ப வந்தீங்களா? அக்காவுக்கு முடியலைன்னு நீங்களே விலகிக்கிட்டதா தம்பி போன மாசமே சொன்னாரே. இப்ப எப்படி இருக்காங்க?" என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தார். அக்கா அப்போது என் பின்னால் சக்கர நாற்காலியில், மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார். பயணச்சீட்டைப் பேருந்தருகே தருவதாகச் சொல்லியிருந்த முகவர் ஏற்கெனவே விமான நிலையம் போய்விட்டதாகக் குழுவினர் சொன்னார்கள்; பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. பேருந்து கிளம்பியது. என் கயிறு போயிற்று; நாங்கள் போகவில்லை.

ஒப்பந்தக்காரர் மீது எனக்குப் புகார் இல்லை. அவரைத் திருப்பி அழைக்கவும் நான் கோரவில்லை. போனவர் நல்லபடியாக முடித்து வரட்டும்.

6. முகவரைத் தொலைபேசியில் பிடித்தேன். "நீங்கதான் பொறுத்துக்கிட்டேன்னு சொல்லிட்டீங்களேண்ணே, கடையில இருந்த அத்தனை பேரும் சாட்சி" என்றார். விற்றது போன மாதம், மன்னிப்பு வாங்கியது போன வெள்ளி. முதலில் திருடிவிட்டுப் பிறகு ரசீது வாங்கும் இந்த யோசனை, இத்தனை வருடச் சந்தையில் எனக்கே தோன்றியதில்லை. ஆயினும் சொன்ன சொல் சொன்னதுதான். அது என் பங்குக்கு மட்டும். பக்கத்தில் இருந்த அக்கா தொலைபேசியை வாங்கி, "எங்கிட்ட யாரும் கேக்கவே இல்லியேப்பா" என்று மட்டும் சொன்னார். மறுமுனை துண்டிக்கப்பட்டது. அன்று மாடியேறி அந்தத் தேநீரை முகவர் ஏன் குடிக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

7. ஆகவே, நான் சொன்ன ஒரு வார்த்தையைச் சமரசமாகக் கொண்டு இந்த மனுவை முடித்துவிடலாகாது. ஓர் இடம் அக்காவுடையது. அவர் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தங்கள் வசமுள்ள இருப்பு இடங்களில் இரண்டைக் கடைசி விமானத்தில் எங்களுக்கு ஒதுக்க வேண்டுகிறேன். ஒன்றுதான் உண்டு என்றால், அக்காவைத் தள்ளிச் செல்ல ஒரு நல்ல துணையையும் தாங்களே பார்த்துத் தர வேண்டுகிறேன். நான் கடையில் இருந்துகொள்கிறேன். முகவர் திரும்பியதும் விசாரித்து, அதுவரை அவர் உரிமத்தைப் புதுப்பிக்காமல் நிறுத்திவைக்கவும் கோருகிறேன். எங்கள் பெட்டிகள் இன்னும் கட்டு அவிழ்க்கப்படவில்லை.

நாள்: குழு புறப்பட்டதற்கு மறுநாள்
இடம்: என் கடை (இன்று இருக்க வேண்டிய இடம் வேறு)

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(வியாபாரி கையொப்பம்)
(அக்காவின் கைரேகை)

இணைப்பு: எழுத்தில் எதுவும் இல்லை. அக்கா பரிமாற, மாடியில் உட்கார்ந்து வாய்ச்சொல்லாகப் பேசி முடித்தவை: இரண்டு பேருக்கும் ஒரே குழுவில் இடம். அக்காவுக்குக் கீழ்த்தளத்தில் அறை. மக்காவில் கஅபாவைச் சுற்றி வரும்போது அவருடைய சக்கர நாற்காலியை முகவரே தள்ளுவார். அதற்குக் கூலி இல்லை. இந்தக் கடைசி நிபந்தனை நாங்கள் கேட்டதல்ல. அவராகச் சொன்னது.