பக்கத்திரையில் ஓடிய வருடம்

ஏப்ரல் 23, 1956, திங்கள்

மொனாக்கோ இளவரசர் கல்யாணச் செய்திப்படம் கெய்ரோவிலிருந்து வந்தது. ஒன்பது நிமிடம். வசனத்தை அரபியிலும் கிரேக்கத்திலும் சுருக்கி, ஃபிலிம் சுருளில் எழுதி, மூன்று மணிக் காட்சிக்குப் பெரிய திரையை ஒட்டிய சின்னப் பக்கத்திரையில் ஓட்டினேன். பெரிய திரையில் ஆள் பேசப் பேச நான் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு வரி முந்தினாலும் மானம் போகும். இன்று போயிற்று. ‘இவளை மனைவியாக ஏற்கிறாயா?’ என்ற வரி, அரண்மனை வாசலில் பீரங்கி துடைக்கும் சிப்பாய்க்கு வந்துவிட்டது. கொட்டகையே சிரித்தது.

அறையில் என் பக்கத்தில் நின்று படம் ஓட்டும் கார்மனு மட்டும் சிரிக்கவில்லை. “கேள்வி முந்தினா தப்பில்ல எவாந்தியா. பதில்தான் வர மாட்டேங்குது.”

அவனுடைய கத்தோலிக்க ஈஸ்டரன்று, ‘கட்டிக்கிறியா?’ என்று கேட்டான். எங்கள் கிரேக்க ஈஸ்டர் வரட்டும் என்று சொல்லி வைத்தேன். இந்த வருடம் இரண்டுக்கும் நடுவில் ஐந்து வாரம். காலண்டர் புண்ணியம்.

மே 9

எங்கள் ஈஸ்டரும் போய்விட்டது. நான் வாயைத் திறக்கவில்லை, அவனும் கேட்கவில்லை. அண்ணன் பாந்தெலிஸ்தான் கேட்டார், மளிகைக்கடையில் நாலு பேர் முன்னால்: “மால்டாக்காரனா? அதுவும் கத்தோலிக்கன். அலெக்சாந்திரியாவுல கிரேக்க மாப்பிள்ளைக்கு என்ன பஞ்சம்?”

எனக்கு வயது முப்பத்தெட்டு. சொந்தச் சம்பளம், கடல் தெரியும் பால்கனி. கல்யாணமானவர்கள் மதியக் காட்சியில் பேசாமல் உட்கார்ந்திருப்பதை வாரம் ஆறு நாள் பார்க்கிறேன். எனக்கு என்ன அவசரம்?

ஜூன் 15

கடைசி ஆங்கிலச் சிப்பாயும் எகிப்தை விட்டுப் போனான். “உங்க ஆளுங்க கிளம்பிட்டாங்களே” என்று கார்மனுவைச் சீண்டினேன். மால்டாக்காரர்களுக்கு ஆங்கிலேயப் பாஸ்போர்ட். இவன் பிறந்தது இங்கே அத்தாரீன் தெருவில். லண்டனைப் பார்த்ததெல்லாம் செய்திப்படத்தில்.

“எங்க ஆளா? அவனுங்க பேசுறதே எனக்கு நீ கிரேக்கத்துல எழுதினாத்தான் புரியும்.”

ஜூலை 27

நேற்றுச் சாயங்காலம் முதலாளி ஷுக்ரி எஃபெந்தி படத்தை நிறுத்திவிட்டு வானொலியை ஒலிபெருக்கியில் வைத்தார். மன்ஷீயா சதுக்கத்தில் ஜனாதிபதியின் பேச்சு. ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் வைத்திருந்த கால்வாய் இனி நமது. நாற்காலி மேல் ஏறிக் குதித்தார்கள், மூன்று உடைந்தன. கார்மனுவும் கை தட்டினான். நானும்தான்.

அட்லாண்டிக்கில் ஓர் இத்தாலியக் கப்பல் மூழ்கியதாம். வேறொரு நாளாயிருந்தால் பெரிய செய்தி.

செப்டம்பர் 18

கப்பல்களுக்கு வழிகாட்டும் வெளிநாட்டு மாலுமிகள் வேலையை விட்டுப் போனதும் கால்வாய் நின்றுவிடும் என்றார்கள். கப்பல்கள் தம்பாட்டுக்குப் போகின்றன.

நவம்பர் 4

விளக்கு வெளியே தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் நீலச்சாயம். ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் விமான நிலையங்களில் குண்டு போடுகிறார்கள். இன்று புடாபெஸ்டுக்குள் ரஷ்ய டாங்கிகளாம். வானொலி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பாட்டுப் போடுகிறது.

நவம்பர் 24, சனி

மெல்போர்னில் ஒலிம்பிக் தொடங்கிவிட்டது. நம் ஆட்கள் போகவில்லை.

ஆங்கிலேயப் பாஸ்போர்ட் என்பதால் கார்மனுவுக்கு நாட்டை விட்டுப் போக நோட்டீஸ் வந்துவிட்டது. பத்து நாள், ஒரு பெட்டி. ஷுக்ரி எஃபெந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் வேலையை விட்டு நிறுத்தினார்.

“ஊருக்குப் போன்னாங்க. எந்த ஊருன்னு அவங்களையே கேட்டேன்” என்றான். பிறகு என்னைப் பார்க்காமல்: “அந்தக் கேள்வியை நான் வாபஸ் வாங்கிக்கிறேன். இப்போ கேட்டா உன்னையும் சேர்த்து இழுத்துட்டுப் போற மாதிரி.”

என்ன மனுஷன் இவன்! எட்டு மாசமா மூஞ்சியை மூஞ்சியைப் பாத்துட்டு, இப்போ வாபஸாம். சரின்னு சொல்லியிருப்பேனா? தெரியல. ஆனா வாபஸ் வாங்க இவன் யாரு?

நவம்பர் 26

புது ஆள் படம் ஓட்டினான். நல்ல பையன், சுத்தமான வேலை. என் வரிகள்தான் கன்னாபின்னாவென்று ஓடின. கொலைகாரன் பேசியது பாட்டிக்கு, பாட்டி பேசியது நாய்க்கு. சீழ்க்கையடித்தார்கள். ஷுக்ரி எஃபெந்தி மாடியேறி வந்து, “மத்மஸேல், உடம்பு சரியில்லையா?” என்றார்.

இரண்டாவது காட்சியில்தான் விளங்கியது. அறையில் ஒரு சத்தம் இல்லை. ஒவ்வொரு காட்சி மாறும்போதும் கார்மனு பலகைத் தரையில் காலைத் தட்டுவான், டக்கென்று, ஓர் இமைப்பொழுது முன்னால். கால் சும்மா இருக்காதவன் என்றுதான் நினைத்திருந்தேன். பதினொரு வருடமாக என் கை அந்தக் காலைக் கேட்டுத்தான் சுற்றியிருக்கிறது. கைத்திறமை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே.

அழுதேன். புதுப்பையன் தலைவலி மாத்திரை வாங்கி வந்தான்.

நவம்பர் 27

அவன் வீட்டுக்குப் போனேன். சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தான்.

“நீ வாபஸ் வாங்கிட்டே. சரி, நான் கேக்குறேன். என்னைக் கட்டிக்கிறியா?”

“பைத்தியமா உனக்கு? லண்டன்ல குளிரும்.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லு.”

சட்டையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நவம்பர் 28

எங்கள் பாதிரியார் முடியாது என்றார்: கிறிஸ்துமஸ் நோன்பு, மாப்பிள்ளை கத்தோலிக்கன். புனித கத்தரீன் கோயிலில் அவனுடைய பாதிரியார் காலண்டரைப் புரட்டினார். “ஞாயித்துக்கிழமை ஆகமனக் காலம் ஆரம்பம். அதுக்கப்புறம் கல்யாணம்னு என்னைக் கேக்காதீங்க. சனிக்கிழமை காலையில வாங்க. ஆயர் கையெழுத்தை நான் பாத்துக்கிறேன்.”

டிசம்பர் 1, சனி

நடந்தது. சாட்சி ஷுக்ரி எஃபெந்தி, முஸ்லிம் என்பதால் கணக்கில் வரமாட்டாராம். கோயில் மணியடிப்பவரையும் சேர்த்துக்கொண்டோம். பாந்தெலிஸ் அண்ணன் உள்ளே வரவில்லை. மழையில் படியிலேயே நின்று, நாங்கள் வெளியே வந்ததும் ஒரு டப்பா அல்வாவைக் கார்மனு கையில் திணித்தார். “காலையில அவ காப்பி குடிக்கிறதுக்கு முன்னாடி அவகிட்ட பேசக்கூடாது. தெரிஞ்சு வச்சுக்க.”

டிசம்பர் 4, கப்பலில்

துறைமுகத்தில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. என் தாளைப் பார்த்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர்.

“நீங்க கிரேக்கர், மதாம். உங்களை யாரும் போகச் சொல்லலியே.”

“தெரியும்.”

“வீட்டுக்காரரோட போறதுன்னா இதுல கையெழுத்துப் போடணும். அப்புறம் எந்தக் காலத்துலயும் திரும்பி வர முடியாது. அவரு அங்கேயே செத்துப்போனாலும்.”

கையெழுத்துப் போட்டேன். பேனா அவருடையது, திருப்பிக் கொடுத்தேன்.

நகல் தாளுடன் கார்மனு நின்ற இடத்துக்குப் போனேன். அரபி பேசுவான், எழுத்துக் கூட்டத் தெரியாது. “என்ன போட்டிருக்கு இதுல? உனக்கு ஒண்ணும் ஆகாதே? குளிர் ஒத்துக்கலைன்னா நீ திரும்பி வந்துடலாம்ல?”

“பெட்டியில தங்கம் இல்லைன்னு எழுதி வாங்குறாங்க. அவ்வளவுதான்.”

“இருந்தாத்தானே!” என்று சிரித்தான். தாளை நாலாக மடித்து என் பைக்குள் அவனே வைத்தான்.