திருப்பி எடுத்துக்கொண்ட சாட்சி

மட்டாஞ்சேரி,
ஞாயிறு மத்தியானம்.

கர்த்தருடைய கிருபையில் குவைத்தில் இருக்கும் என் ஒரே மகளும், பத்து மகள்களுக்குச் சமமான வம்புக்காரியுமான மாளவிகாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஸ்தோத்திரம். நான் சுகமாக இருக்கிறேன், என் பெட்டி ஆட்டோவும் சுகமாக இருக்கிறது, இருமல் மட்டும் என்னைவிட அதற்குக் கொஞ்சம் கூடுதல். நீ சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அம்மாவைப் பற்றி மட்டும் அந்த வார்த்தையை எழுதக்கூடாது என்று அம்மாவே சொல்லிவிட்டாள். சுகம்னும் எழுதாதீங்க, சுகமில்லைன்னும் எழுதாதீங்க என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீ என் போனை எடுத்து நாலு மாதம் ஆகிறது. எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை மாளு, போன் என்றால் நான் ஏதாவது கேலி பேசித் தப்பித்துவிடுவேன், அது உனக்கும் தெரியும். எழுத்தில் எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது, அஞ்சாம் வகுப்போடு நின்றவனுக்கு ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் வெட்கப்பட நிறைய நேரம் கிடைக்கிறது. நீ மலையாளம் மீடியம், தமிழ் உனக்குச் சபைப் பாட்டுப் புத்தகத்தில் படித்தது, நீயும் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், அப்பாவும் மகளும் ஒரே வேகத்தில் போவோம். லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அங்கே திரும்புகிற நம் சபை ரமேஷ்பாபு கையில் கொடுத்துவிடுகிறேன். கூடவே தேங்காய் வறுத்து இடித்த சம்மந்திப் பொடியும் இருக்கும், பாதியை அவன் விமானத்திலேயே தின்று தீர்த்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலில் இருந்து எழுதினால்தான் என் தப்பு எந்த இடத்தில் தொடங்கியது என்று எனக்கே பிடிபடும். போன வருஷம் மழை தொடங்கினபோது அம்மா பேச்சைக் குறைத்தாள். நான் அதையும் கேலி பண்ணினேன். இருபத்தஞ்சு வருஷமாகக் கேட்ட அமைதி இப்போதாவது கிடைத்ததே என்று படகு ஜெட்டிப் பக்கம் சாயாக்கடை வைத்திருக்கிற யூசுபிடம் சொல்லிச் சிரித்தேன். பிறகு அவள் கொச்சங்காடி சரக்குக் கோடவுனுக்குச் சுக்கு தரம் பிரித்துப் பொறுக்கப் போவதை நிறுத்தினாள், குளிப்பதை நிறுத்தினாள், அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், கை நீட்டி அணைக்க மாட்டாள். நீ லீவில் வந்தபோது பிடிவாதமாகத் தேவராவில் அந்த டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாய், மனசுக்கு வருகிற நோய் இது என்று சொல்லி அவர் மாத்திரை எழுதினார். நான் ஒரு பக்கம் சபையில் உபவாச ஜெபம் வைத்தேன், பாஸ்டர் எண்ணெய் பூசி ஜெபித்தார். ஆறேழு மாதத்தில் அம்மா திரும்பவும் சுக்கு பொறுக்கப் போனாள். ஒரு நாள் சாளை மீன் கழுவிக்கொண்டே பாட்டு ஒன்றை முணுமுணுத்தாள், நான் வாசலில் நின்று கேட்டேன், அந்தப் பாட்டு முடிகிற வரை உள்ளே போகவில்லை, நான் போனால் நிறுத்திவிடுவாள் என்று பயம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் என்னால் உட்கார முடியவில்லை. நம் சபையில் மைக் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும், மிளகுக் கோடவுனுக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன ஹாலில் எல்லோருக்கும் சொல்ல ஒரு அற்புதம் இருக்கும். நான் முந்திக்கொண்டேன். என் மனைவி ரோஜா பேச்சில்லாமல் கிடந்தாள், கர்த்தர் அவளைத் தொட்டார், பூரண சுகம் கொடுத்தார் என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் ஒரு குறையும் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள், சலங்கை வைத்த தம்புரு குலுக்கினார்கள், எனக்கு வாய் நிற்கவில்லை, இனி என் வீட்டில் ஒரு மாத்திரையும் கிடையாது, டாக்டருக்கும் டாக்டர் அவர்தான் என்று சொல்லிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், மைக்கைப் பிடிக்கிற வரை அப்படி ஒரு எண்ணமே என்னிடம் இல்லை. மறுநாளில் இருந்து மாத்திரை அட்டை அலமாரியில் அப்படியே இருந்தது. அவளுக்கும் விசுவாசம் வந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். நீ போன் பண்ணி, அப்பா, திடீரென்று நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மெதுவாகத்தான் குறைக்க வேண்டும் என்றாய். நான் உன்னிடம் என்ன சொன்னேன் என்று திரும்ப எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுதினால்தான் மன்னிப்புக் கேட்க முடியும். நீ ஊசி போடுறவ, உண்டாக்கினவ இல்ல, நர்ஸ் ஆனதும் கர்த்தரை மறந்துட்டே என்று சொல்லி போனை வைத்தேன். அதற்குப் பிறகு நீ அம்மாவை மட்டும் கூப்பிட்டாய், கொஞ்ச நாளில் அம்மாவும் எடுப்பதை நிறுத்தினாள், அம்மா போனுக்கு நீ அனுப்பின செய்திகளுக்கு, நன்றாக இருக்கிறேன் என்று அவள் பெயரில் பதில் போட்டது நான்தான்.

ஈஸ்டர் முடிந்த வாரம். காலை பத்து மணி இருக்கும், நான் கொச்சங்காடியில் சுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். யூசுப் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஸ்கூட்டரில் வந்து நின்றான். அழகர் சேட்டா, என்கூட ஒண்ணு வரணும், சேச்சி காலையிலேர்ந்து ஜெட்டியில உக்காந்திருக்கு, எர்ணாகுளம் போட்டு மூணு போயாச்சு, ஒண்ணுலயும் ஏறல, நான் சாயா குடுத்தேன், கையில பிடிச்சிட்டே இருக்கு, குடிக்கல என்றான். பிறகு, செருப்ப கழட்டி ஓரமா வச்சிருக்கு சேட்டா என்றான். நான் ஏற்றுவதைப் பாதியில் விட்டுவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா சபைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் பாதத்தில் படுகிற இடம். சாயா டம்ளரில் ஆடை கட்டியிருந்தது. எனக்கு வேறு எதுவும் பேசத் தெரியாதே மாளு, அப்போதும் என் வாயில் வந்தது என்ன தெரியுமா, எர்ணாகுளத்துக்கு ஓடிப்போறதா இருந்தா ஆள் எங்கடி என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். நீங்க எல்லாரு முன்னாடியும் சொன்னது பொய்யாயிடக் கூடாதுன்னுதான் இவ்வளவு நாள் தாங்கிக்கிட்டேன், இனி எனக்கு முடியல, தூங்கினா எழுந்திரிக்காம இருந்தா போதும்னு இருக்கு என்றாள். அழவில்லை. கடையில் உப்பு வாங்கி வரச் சொல்கிற குரலில் சொன்னாள். நான் அவள் காலில் செருப்பை மாட்டினேன். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவள் பாதத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை, குதிகால் முழுக்க வெடிப்பு.

ஆட்டோவில் என் சீட்டில் பாதியை அவளுக்குக் கொடுத்து, பின்னால் சுக்கு மூட்டையோடு அப்படியே தேவராவுக்கு ஓட்டினேன். டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசினார். மூடின கதவுக்குள்ளே இருந்து அம்மாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, வார்த்தை புரியவில்லை. நான் இல்லாத இடத்தில் அவளுக்கு அவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது. அதைக் கேட்டுத்தான் நான் அழுதேன், மற்றபடி இல்லை. மாத்திரையைத் திரும்பத் தொடங்கச் சொன்னார், தனியே விடாதீங்க என்றார், வாரம் ஒரு தடவை வரச் சொன்னார். அன்று முதல் நான் காலையில் ஒரு லோடுதான் எடுக்கிறேன், அந்த நேரம் யூசுபின் மனைவி வந்து அம்மாவோடு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்குகிறாள், எங்கள் வீட்டில் இப்போது தினமும் பீன்ஸ்தான்.

சாட்சியைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், மாத்திரையை நிறுத்து என்று ஒரு நாளும் சொன்னவர் இல்லை. ஆனாலும் தயங்கினார். மருந்தைப் பேசாம தொடருங்க பிரதர், மைக்கில எதுக்கு, ஜனங்க விசுவாசத்துல இடறிப்போவாங்க என்றார். மைக்கில் சொன்னதை மைக்கில்தானே எடுக்க முடியும் ஐயா என்றேன். போன ஞாயிறு எழுந்து நின்றேன். என் சாட்சியில் கர்த்தர் பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன், அவர் என் மனைவிக்கு டாக்டரையும் மாத்திரையையும் கொடுத்துச் சுகமாக்கிக்கொண்டு வந்தார், நான் நடுவில் பிடுங்கிப்போட்டேன், அவள் கரை வரை போய்விட்டாள் என்றேன். ஒருவரும் கை தட்டவில்லை, கீழே கோடவுனில் மூட்டை விழுகிற சத்தம்தான் கேட்டது. முன் வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார், பிறகு என்னோடு பேசவும் இல்லை. கூட்டம் முடிந்து படி இறங்கும்போது, பாட்டு நடத்துகிற ஸ்வர்ணலதா பின்னாலேயே வந்து, அண்ணே, அந்த டாக்டரம்மா என்ன கிழமை பாப்பாங்க என்று கேட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. வியாழக்கிழமை என்றேன்.

பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அம்மா சோறு போட்டாள், நான் சாப்பிட்டு முடிகிற வரை காத்திருந்தாள். பிறகு, நோவு என்னோடது, அன்னிக்கும் மைக்கைப் பிடிச்சது நீங்க, இன்னிக்கும் பிடிச்சது நீங்கதானே என்றாள். என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா என்றாள். அவள் கரை வரை போனதை இப்போது சபை முழுக்க அறியும், அவளோடு சுக்கு பொறுக்க வருகிறவர்களில் நாலு பேர் நம் சபை. அதைத் திருப்பி எடுக்க ஒரு மைக்கும் இல்லை. மன்னிச்சிடு ரோஜா என்றேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அதனால்தான் இந்தக் கடிதம் எழுத அவளிடம் முதலில் கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு எழுதுங்க என்றாள். உன்னிடமும் கேட்டுக்கொள்கிறேன் மாளு, அப்பாவை மன்னிக்க வேண்டும், உடனே வேண்டாம், உனக்கு முடிகிறபோது. நீ சொன்னது சரி. கர்த்தர் சுகமாக்குகிறார் என்று நான் இப்போதும் நம்புகிறேன், அதில் மாற்றம் இல்லை, எந்தத் தேதிக்கு என்று அவருக்குப் பதில் நான் அறிவித்ததுதான் என் குற்றம். இப்போது சோற்றுக்கு ஸ்தோத்திரம் பண்ணுகிற மாதிரி மாத்திரைக்கும் பண்ணுகிறோம். அம்மா உள்ளங்கையில் மாத்திரையை வைத்துக்கொண்டு உட்காருவாள், நான் ஜெபிப்பேன். முந்தாநாள் கண்ணை மூடிக்கொண்டே, நீளமா ஜெபிக்காதீங்க, கை வேர்த்து மாத்திரை கரையுது என்றாள். நான் ஆமென் சொல்லிவிட்டேன். சிரித்தாளா என்று பார்க்கவில்லை, பார்த்தால் அதையும் யாரிடமாவது போய்ச் சொல்லிவிடுவேன்.

உனக்கு ஒரு புத்தி மட்டும். போன மாதம் ரமேஷ்பாபு காட்டின போட்டோவில் உன் கன்னம் ஒட்டியிருந்தது. வேலை அதிகம் என்று சொல்வாய். அம்மாவும் மழைக்காலம் என்றுதான் சொன்னாள். உனக்குப் பேச்சு குறைந்தால், சாப்பாடு இறங்காமல் போனால், விசுவாசம் குறைந்துவிட்டது என்று உன்னையே திட்டிக்கொண்டு இருக்காதே, அங்கேயே ஒரு டாக்டரைப் பார், ஜெபமும் பண்ணு, இரண்டும் பண்ணு. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சொன்னால் மைக்கில் பேச மாட்டேன்.

எழுதினது எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசிக்க ஒரு மணி நேரம் ஆனது, நடுவில் எழுந்து போகவில்லை. என்னைப் பற்றிக் கடைசியில் என்ன எழுதணுமோ அதை நான் சொல்றேன், சொல்றபடி எழுதுங்க என்றாள். அவள் சொன்னது இது. இன்னிக்குக் காலையில கஞ்சி குடிச்சேன். நேத்து குடிக்கல. தலை சீவியிருக்கேன். கோடவுனுக்கு இன்னும் போகல. மாளு கூப்பிட்டா போனை எடுப்பேன். இதை எழுதி முடித்ததும், எடுப்பேன்னு எழுதியிருக்கறத அடிச்சிடுங்க, எடுக்கப் பாக்கறேன்னு எழுதுங்க என்றாள். அடித்துவிட்டு எழுதியிருக்கிறேன், எடுக்கப் பார்க்கிறாள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், நீ ஊசி போடுகிற கைகளையும் அவரே பிடித்துக்கொள்ளட்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, முதல் தடவை எடுக்காவிட்டால் இரண்டாம் தடவையும் கூப்பிடு. அம்மாவிடம் சுகமா என்று கேட்காதே, என்ன சாப்பிட்டாய் என்று கேள்.

உன் அப்பா,
அழகர்