இடது பக்க முன்சீட்டு

சாலவாக்கம்,
மாசி 6, செவ்வாய்க்கிழமை.

காவியாவின் அப்பாவுக்கு சசிரேகா எழுதுவது.

நானும் காவியாவும் நலம். நீங்களும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். கார் பேச்சை எடுத்தாலே சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் கன்னியப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு படிவமும் இருக்கிறது. முதலில் இதை முழுவதும் படித்துவிடுங்கள்.

அறுப்பு முடிந்தது. மிஷின்காரன் இதோ வருகிறேன், அதோ வருகிறேன் என்று மூன்று நாள் இழுத்தடித்தான். நெல்லை உத்திரமேரூருக்கு ஏற்றி அனுப்பியாகிவிட்டது. எனக்கு முதுகு வலி அப்படியேதான் இருக்கிறது. படுத்தால் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

காவியா கம்பு இல்லாமல் நடக்கிறாள். கொஞ்சம் சாய்ந்த நடைதான். தொடையில் வைத்த பிளேட்டை அடுத்த வருடம் எடுக்கலாம் என்றார் டாக்டர். பள்ளிக்கூடத்துக்கு டவுன் பஸ்ஸில் போய் வருகிறாள். முன்னால் இடம் காலியாக இருந்தாலும் கடைசி சீட்டுக்கே போகிறாளாம். ஏன் என்று கண்டக்டர் என்னைக் கேட்டார். 

இனி காரைப் பற்றி. நீங்கள் மஸ்கட் போனதிலிருந்து அதை விற்றுவிடு, விற்றுவிடு என்று மட்டும்தான் சொல்கிறீர்கள். இங்கே ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். வெள்ளை வண்டிக்கு எப்போதும் மவுசு உண்டு, பொறுத்து விற்றால் நல்ல விலை வரும் என்கிறார் உங்கள் பெரியப்பா. பக்கத்து வீட்டு முனியம்மாள் அக்காவோ, "ஆத்திர அவசரத்துக்கு வாசல்ல ஒரு வண்டி கீதேன்னு இருந்தேன், அதையும் விக்கிறியா?" என்று கேட்கிறார். எல்லோருக்கும் தலையாட்டித் தலையாட்டிக் கழுத்துதான் வலிக்கிறது.

புரோக்கர் சின்னப்பையன் போன வாரம் ஆள் கூட்டிவருவதாகச் சொன்னார். மாதக் கணக்காக நின்ற வண்டி கிளம்பவில்லை. பேட்டரியைப் பார்க்க, அடிபட்ட வண்டியைச் சரிசெய்த மெக்கானிக் ஏகாம்பரத்தையே கூப்பிட்டேன். அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது, இடது பக்கம் புது ஏர்பேக் போட்டீர்களே, அது சரியாக இருக்கிறதா என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவர் தலையைத் தூக்கவே இல்லை. "புதுசு போட்டா ரொம்ப ஆவும்னு அண்ணன் வேணாம்னுடுச்சி, அண்ணி. மூடிய ஒட்டி, பை இல்லேன்னு எரியுற லைட்ட மட்டும் அணைச்சி வுட்டேன்" என்றார்.

டீ போட்டுக் கொடுத்தேன். அவர் போன பிறகு முன்சீட்டில் போய் உட்கார்ந்து அந்த மூடியைத் தடவிப் பார்த்தேன். ஒட்டு போட்ட இடம் தெரியவே இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை. ஆவணியில் வண்டி மோதியபோது அந்தப் பை விரிந்ததால்தான் பெல்ட் போடாத நம் பெண்ணுக்குக் காலோடு போயிற்று என்று டாக்டர் சொன்னபோது நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

மறுநாள் புள்ளலூரிலிருந்து ஒரு சின்ன வயதுத் தம்பதி வந்தார்கள். முதல் கார் என்கிற சந்தோஷம் இரண்டு பேர் முகத்திலும். அந்தப் பெண் கைக்குழந்தையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். "இதுக்கு ஏர்பேக் எல்லாம் கீதுக்கா?" என்று என்னிடம்தான் கேட்டாள். இருக்கிறது என்று சின்னப்பையன் முந்திக்கொண்டு சொன்னார். நான் இல்லை என்றேன். இந்த வண்டி மரத்தில் மோதியது, அந்தப் பை திரும்பப் போடவில்லை, உள்ளே வெறும் குழிதான் இருக்கிறது என்றேன். அவள் குழந்தையை அணைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அவர்கள் போனதும் சின்னப்பையன் தெருவே கேட்கக் கத்தினார். "இன்னாம்மா நீ! வண்டி புதுசாட்டம் கீது. வாய மூடிக்கினு நின்னிருந்தா ரெண்டரை லட்சம் கைக்கு வந்திருக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த தொழில் அது.

எல்லாவற்றையும் புதிதாகப் போட என்ன ஆகும் என்று ஏகாம்பரத்திடம் கேட்டேன். வண்டி விலையில் பாதிக்கு மேல் போகும், அப்போதும் பிரேக் பிடித்தால் இடது பக்கம் இழுப்பது போகாது என்றார். உண்மையைச் சொல்லி மலிவாக விற்கலாம். ஆனால் வாங்குகிறவர் அடுத்தவருக்குச் சொல்வாரா? செங்கல்பட்டில் பழைய வண்டியை வாங்கிப் பிரிக்கிற இடத்தில் விசாரித்தேன். ஐம்பத்தைந்தாயிரம் தருகிறார்களாம். ஆர்.சி. உங்கள் பெயரில் இருப்பதால் உங்கள் கையெழுத்து வேண்டும். படிவத்தில் மூன்று இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். நஷ்டம்தான், தெரிகிறது. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். இதற்கு மேல் ஒருத்தருக்கு அந்த வண்டியைத் திறந்து காட்ட என்னால் முடியாது.

இன்னொன்று. போனில் சொல்ல வராது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காவியாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். "அப்பா இன்னும் எம்மேல கோவமா கீறாராம்மா?" என்று கேட்டாள். என்னடி கோபம் என்றேன். அன்றைக்கு அவள்தான் மார்க் பேப்பரை உங்கள் முகத்துக்கு நேராக நீட்டினாளாம். அதனால்தான் வண்டி மரத்தில் மோதியதாம். அதனால்தான் அப்பா அவளிடம் பேசாமல் தூர தேசம் போய்விட்டாராம். ஆறு மாதமாக இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறது அந்தக் குழந்தை.

குறுக்கே ஆடு வந்தது என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். நானும் ஆமாம் என்றேன். ஆடு வரவில்லை. உங்கள் காதில் போன் இருந்தது. கொசுவர்த்தி வாங்கி வாருங்கள் என்று நான்தான் கூப்பிட்டிருந்தேன். மோதின சத்தம் என் காதில்தான் கேட்டது. அவள் கத்தியதும் கேட்டது. இதில் உங்கள் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அவள் பங்கு ஒன்றுமில்லை என்று மட்டும் தெரியும். அதை நான் சொன்னால் அவள் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் வயல் பக்கம் போய்விடுவேன். நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் காலைப் பார்க்கத் தைரியம் இல்லை என்றால் வீடியோ வேண்டாம், குரல் போதும்.

அங்கே கம்பெனி வேனில் இருபது பேரை ஏற்றிப் போகிறீர்கள். பெல்ட் போடாமல் வண்டியை நகர்த்தவே விட மாட்டார்கள் என்று கன்னியப்பன் அண்ணன் சொன்னார். கேட்க நிம்மதியாக இருந்தது. எங்கே போனாலும் நல்லபடி போய் நல்லபடி திரும்புங்கள். வண்டி ஓட்டும்போது நான் கூப்பிட்டால் எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் சசிரேகா