வெந்நீருக்குப் போன பெஞ்சுகள்

1943 ஜூன் 14, திங்கள்

பள்ளிக்கூடப் பதிவேட்டில் வருஷம் 2603 என்றுதான் போடணும், ஜப்பான்காரன் உத்தரவு. இது என் சொந்த நோட்டு. இங்கே 1943.

மனைவி பிரிஜெட்டுக்குப் பிரசவமாகி ஐந்து நாள். பெண் குழந்தை. தாய்க்கு இன்று முதல் வெந்நீர்க் குளியல். பக்கத்து வீட்டுப் பாப்பம்மா அக்கா வந்து ஊற்றுகிறார். அவர் வைத்ததுதான் சட்டம்: முப்பது நாள், நாளைக்கு இரண்டு டின் தண்ணீர், வேப்பிலை போட்டுத் தளதளவென்று கொதிக்கணும். "பச்ச உடம்பு வாத்தியாரே. குளுந்த தண்ணி பட்டா ஜன்னி கண்டுரும். எங்கக்கா ஒம்பதாம் நாளு அப்படித்தான் போச்சு."

மண்ணெண்ணெய் இல்லாமல் பம்பு நின்று ஆறு மாதம். ஆற்றிலிருந்து ரப்பர் பால் வாளி இரண்டைத் தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் தொங்கவிட்டு நானே சுமக்கிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களுக்கு ஒரே சிரிப்பு. சிரித்துத் தொலையட்டும். தோள் தோலுரிந்து எரிகிறது.

ஜூன் 17

தண்ணீரையாவது தூக்கிவிடலாம். விறகுக்கு எங்கே போவது? தோட்டத்து விறகெல்லாம் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் லாரிகளுக்காம். வீட்டுக்கு வாரம் ஒரு கட்டுதான். ஒரு குளியலுக்கே கால் கட்டு போகிறது. மரவள்ளிக் கிழங்கை எதில் வேகவைக்க, என் தலையிலா?

விறகுக்காக ரப்பர் மரத்தை வெட்டப் போன ஒருவனை ஆபீஸ் வாசலில் வெயிலில் முட்டி போட வைத்திருந்தார்கள். சாயங்காலம் வரை.

ஜூன் 19

விறகு தீர்ந்தது. வெதுவெதுத் தண்ணீரை நானே ஊற்றிவிட்டேன். ஒரு நாள்தானே என்று.

ஜூன் 20

ஒரு நாள்தானே! காலையிலிருந்து பிரிஜெட்டுக்குக் குளிர் நடுக்கம். மூன்று கோணிச் சாக்கு போர்த்தியும் பல் கிட்டுகிறது. பிள்ளைக்குப் பால் கொடுக்க எழுந்திருக்க முடியவில்லை. மாதாவே, நான் மடையன்.

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பாப்பம்மா அக்காவின் புருஷன் இருளப்பன் அண்ணன் கோடாலியோடு கூடவே வந்தார். ஒரு பெஞ்சைப் பிளந்தோம். நான் தயங்கி நின்றதைப் பார்த்து, "தரையில உக்காந்தா படிப்பு ஏறாதா? அட, தள்ளுங்க வாத்தியாரே" என்றார். ஓங்கி ஒரே போடு.

நல்ல மரம். புகையே இல்லை.

ஜூன் 24

காய்ச்சல் விட்டது. கஞ்சி கேட்டாள்.

ஒரு பெஞ்சு மூன்று நாள் வருகிறது. மொத்தம் எட்டு பெஞ்சு. முப்பது நாளும் முடியச் சரியாக இருக்கும். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஜப்பான் எழுத்து எழுதுகிறார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்குப் பசி.

ஜூலை 5

அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு ஜப்பான் அதிகாரி சொல்லாமல் வந்து நின்றான். ஆறாவது பெஞ்சைக் காலையில்தான் பிளந்திருந்தோம். பள்ளிக்கூடமா, மாட்டுக்கொட்டகையா என்று கேட்டானாம். கூட வந்தவன் மொழிபெயர்த்துச் சொல்வதற்குள் என் கன்னத்தில் இரண்டு அறை. மிச்சமிருந்த இரண்டு பெஞ்சையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடம் மூடியாகிவிட்டது.

வாத்தியார் என்பதால்தான் இதுவரை, ஜப்பான்காரன் சயாமில் போடும் ரயில் பாதை வேலைக்கு என் பெயர் போகவில்லை. இனி நான் யார்?

ஜூலை 6

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அய்யாவு ஆபீசுக்குக் கூப்பிட்டார். சயாமுக்கு இன்னும் பத்துப் பேர் வேண்டுமாம். மூன்று மாசத்தில் திரும்பலாமாம். முன்னே போன முப்பது பேரும் அப்படித்தான் போனார்கள். ஒருத்தனிடமிருந்தும் ஒரு கடுதாசி கிடையாது.

பத்தாவது பெயர் நான். மரியராஜ்.

அய்யாவு கதவைச் சாத்தினார். "ஜப்பான்காரனுக்குப் பத்துத் தலை வேணும், அவ்வளவுதான். எந்தத் தலைன்னு கேக்க மாட்டான். பச்சப் பிள்ளைய வச்சிருக்கீங்க. உங்க பேர அடிச்சிட்டு வேற பேரு போட்டுக் குடுங்க. நீங்களே எழுதுங்க, கையெழுத்து நல்லாருக்கும்." நாளை வரை தவணை.

நான் போனால் பிரிஜெட்டுக்கு யார் தண்ணீர் தூக்குவது? பிள்ளை?

ஜூலை 7

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 8

எழுதுவதற்கு முந்தின ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வரிசைகளில் ஒவ்வொரு வீட்டையும் மனசுக்குள் சுற்றி வந்தேன். ஒவ்வொருத்தனையும் எனக்கு அவன் பிள்ளையை வைத்துத்தான் தெரியும். இது யாருடைய அப்பன், அது யாருடைய அப்பன் என்று. எல்லாம் என்னிடம் 'அ' எழுதிய பிள்ளைகள்.

இருளப்பன் அண்ணனுக்குப் பிள்ளை இல்லை.

அதனால்தான். வேறு காரணம் இல்லை. செய்த பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யலாமென்றால் கோயில் சாமியார் எங்கே இருக்கிறாரென்றே தெரியவில்லை. இருந்தாலும் இதை எப்படிச் சொல்வேன்?

ஜூலை 10

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நின்ற இடத்திலேயே பெயர் கூப்பிட்டு லாரியில் ஏற்றினார்கள். இருளப்பன் அண்ணன் ஏறிக்கொண்டே என்னைத் தேடினார். "வாத்தியாரே, பாப்பம்மாவுக்கு இடுப்பு வலி. ஆத்துல இருந்து ஒரு நட தண்ணி தூக்கிக் குடுத்துருங்க."

"சரிண்ணே" என்றேன்.

விறகு இல்லாததால் மூன்று நாளாகக் குளியல் இல்லை. பிரிஜெட்டுக்கு மறுபடி உடம்பு சுடுகிறது.

ஜூலை 11

பாப்பம்மா அக்கா இனி வரமாட்டார் என்றிருந்தேன். வந்தார். தலையில் பலகைக் கட்டு.

"அவரு கட்டிலு. ஆளில்லாம எதுக்கு? வந்தா புதுசா அடிச்சுக்குவாரு. பச்ச உடம்புக்காரிய நடுவுல விடலாமா?"

அடுப்பை நான் மூட்டினேன். தண்ணீர் கொதிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்து, அழாமல், பேசிக்கொண்டே இருந்தார். "எவன் எழுதிக் குடுத்தானோ தெரியல வாத்தியாரே. அந்தக் கை அழுகிப் போவணும்." என் முகத்தைப் பார்த்தார், பதிலுக்காக.

"ஆமாக்கா" என்றேன்.

பிறகு உள்ளே போய் பிரிஜெட்டுக்கு முதுகு தேய்த்து ஊற்றினார். அவள் சூடு தாங்காமல் கத்தினாள். "பொறுத்துக்கம்மா, பொறுத்துக்க" என்றார். உடம்பு துடைத்துப் படுத்ததும் நன்றாகத் தூங்கிவிட்டாள்.

இன்னும் இரண்டு குளியல் பாக்கி. கட்டில் போதும்.