டில்லி சபையில் நீ எழுந்து போனது பற்றி

விக்கிரமங்கலம்,
சர்வதாரி வருஷம், பங்குனி மாதம், வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி பழனிவேலுக்கு உன் அம்மா ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கை ஜானகியும் சுகம். உன் அப்பாவும் சுகம், இந்த ஒரு மாதமாகத் தேவைக்கு மேலேயே சுகமாக இருக்கிறார், அதைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்தேன். நீ அங்கே எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாரியம்மனுக்கு விளக்குப் போட்டுக்கொண்டு வருகிறேன். இருமல் நின்றதா இல்லையா என்று போன கடிதத்தில் நீ எழுதவே இல்லை, எழுதாததனால் நிற்கவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். பருத்தி கடைசி எடுப்பு முடிந்துவிட்டது. செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. வழக்கமாக உனக்குக் கடிதம் உன் அப்பாதான் எழுதுவார், அடியில் இரண்டு வரி எனக்கு இடம் விடுவார். இன்றைக்கு அவர் வக்கீலைப் பார்க்கப் பெரம்பலூருக்குப் பஸ் ஏறியிருக்கிறார், அதனால் காகிதம் முழுவதும் எனக்குக் கிடைத்தது. இதை வண்டிக்காரப் பூமாலையிடம் கொடுத்து அரியலூர் ஸ்டேஷன் பெட்டியில் போடச் சொல்லப் போகிறேன். நம் ஊர்த் தபால்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் உன் அப்பாவைக் கண்டால் பையைத் திறந்து காட்டிவிடுவார்.

விஷயம் இதுதான். அரியலூர் கடலை மண்டி தர்மராஜ் மாசி மாதம் டில்லிக்குப் போய் வந்தான். ஏதோ பர்மிட் விஷயமாம். திரும்பி வந்த மறுநாளே நம் வீட்டுக்கு வந்து, டில்லியிலிருந்து வாங்கி வந்தேன் என்று பூசணிக்காய் மிட்டாய் ஒரு பொட்டலம் கொடுத்தான். எனக்கென்னவோ அது வழியில் எங்கோ வண்டி மாறும்போது வாங்கினதாகத்தான் தோன்றுகிறது, அது கிடக்கட்டும். அவனை யாரோ ஒரு மில் ஏஜெண்டு நீ சுருக்கெழுத்து எழுதுகிற சபைக்கு அழைத்துப்போய் மேலே வேடிக்கை பார்க்கிறவர்கள் உட்காருகிற இடத்தில் உட்கார வைத்தாராம். அன்றைக்கு அங்கே பெண்களுக்குச் சொத்தில் பங்கு கொடுக்கிற சட்டத்தைப் பற்றிப் பேச்சாம். கீழே நடுவில் மேஜை போட்டு எழுதிக்கொண்டிருந்தவர்களில் உன்னைப் பார்த்ததாக அவன் சொல்லும்போது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். இளைத்திருக்கிறாயா என்று கேட்டேன், அவ்வளவு உயரத்திலிருந்து தலைதான் தெரிந்தது என்றான். வெளியே வந்து உன்னைத் தேடினானாம், வாசலில் நின்ற சேவகன் விடவில்லையாம், அன்றைக்கே வண்டிக்குப் போக வேண்டியிருந்ததாம். அத்தனையும் சமையலறை வாசலில் நின்று கேட்டுவிட்டு நான் காப்பி போடப் போய்விட்டேன். அதன் பிறகு அவனும் உன் அப்பாவும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை உன் அப்பா பெரிதாகச் சிரித்தது மட்டும் கேட்டது.

அடுத்த வாரம் பெரம்பலூரில் உன் அத்தை வீட்டுக் காதுகுத்து. உறவு முறை எல்லாம் கூடியிருந்தது. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்ததும் உன் அப்பா ஆரம்பித்தார். டில்லி சபையில் ஒரு மெம்பர் எழுந்து, மகளுக்கும் மகனைப் போலப் பங்கு கொடுக்க வேணும் என்று சொன்னாராம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நம்ம பழனிவேல் பென்சிலை எடுத்துக்கொண்டு விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டானாம், இந்த அநியாயத்தை என் கையால எழுத மாட்டேன்னு போயிட்டான், அவன் இடத்தில் வேறு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்து எழுதினார்களாம். இப்படிச் சொன்னார். கூடியிருந்த ஆண்பிள்ளைகள் எல்லாம் உன் ரோஷத்தை மெச்சி மெச்சிப் பேசினார்கள். உன் அத்தை உனக்குத் திருஷ்டி கழிக்கச் சொன்னாள். நான் தர்மராஜைப் பார்த்தேன். சாதாரணமாக அவன் வாயை மூட மாட்டான், ரயிலில் எந்த ஊரில் என்ன பலகாரம் விற்றார்கள் என்று அரை நாள் சொல்லக்கூடியவன். தான் கண்ணால் பார்த்த சங்கதியை இன்னொருவர் சொல்கிறார், அவன் தலையைக் குனிந்துகொண்டு வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டே இருந்தான். தட்டில் இருந்த அத்தனை வெற்றிலைக்கும் கிள்ளினான். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

ஜானகி என் பக்கத்தில்தான் இருந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது உறவுக்காரி ஒருத்தி அவளிடம், உன் அண்ணன் பெரிய ஆளு என்று சிரித்தாள், இவள் சும்மா தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து நேரே கிணற்றுக்கொல்லைக்குப் போனவள் பொழுது சாய்ந்துதான் வந்தாள். மாப்பிள்ளை காலமான பிறகு அந்தக் கொல்லையை அவள்தானே பார்க்கிறாள், கூலிக்கு வருகிற பொன்னுத்தாயும் அவளும் சேர்ந்து களை எடுப்பது முதல் தண்ணீர் கட்டுவது வரை. எங்கள் காலத்துக்குப் பிறகு அந்தக் கொல்லையும் இந்த வீட்டுக் கிழக்கு அறையும் இல்லை என்றால் அவள் எங்கே போய் நிற்பாள் என்று உனக்கே தெரியும். இந்தக் காதுகுத்துக்குப் பிறகு உன் அப்பா அவளிடம் புதுசாகப் பிரியம் காட்டுகிறார். சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறார். சுங்குடிச் சேலை ஒன்று வாங்கி வந்தார், சாயம் போகிற ரகம், ஒரு தண்ணீருக்குத் தாங்காது. வக்கீல் குமாஸ்தா ஒருவர் அடிக்கடி வந்து சத்தமில்லாமல் காப்பி குடித்துவிட்டுப் போகிறார். பிறகு ஒரு நாள் விஷயம் வெளியே வந்தது. டில்லியில் எந்தச் சட்டம் வந்தாலும் எனக்குப் பங்கு வேண்டாம் என்று ஜானகி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம், சித்திரை பிறந்ததும் ரிஜிஸ்தர் செய்யப் போகிறார்களாம். அவள் தயங்கினாள். அதற்கு உன் அப்பா, இது நான் கேக்குறது இல்லம்மா, உங்க அண்ணனே சபையிலேர்ந்து எழுந்து போயிட்டான், அவன் மனசு என்னான்னு ஊருக்கே தெரியும், கூடப் பொறந்தவனைப் பகைச்சுக்காதே என்றார்.

வராத சட்டத்துக்கு இவ்வளவு அவசரம் என்ன என்று நான் வாய் திறந்து கேட்கவில்லை. தர்மராஜ் சம்சாரம் சம்பூர்ணத்துக்கு உடம்பு சரியில்லையாம், பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வண்டி கட்டச் சொன்னேன். சம்பூர்ணம் திண்ணென்று இருக்கிறாள், என்னைப் பார்த்துத் திகைத்துப்போனாள், யாருக்கு உடம்பு சரியில்லை என்று அவளே என்னைக் கேட்டாள். தர்மராஜை மண்டியிலிருந்து கூப்பிட்டு அனுப்பி, அன்றைக்கு நீ பார்த்ததை முதலிலிருந்து சொல்லு, எங்க வீட்டுக்காரர் சொன்னதைச் சொல்லாதே, நீ பார்த்ததைச் சொல்லு என்றேன். அவனும் சுற்றிச் சுற்றி வந்தான். சபை வட்டமாக இருக்கிறது என்றான், தலைவர் எழுந்தால் பேசிக்கொண்டிருப்பவர்கூட உட்கார்ந்துவிட வேண்டும் என்றான், ஒருவர் பேசும்போது எதிரே இருப்பவர்கள் விடாமல் குறுக்கே பேசுகிறார்கள், நம்ம ஊர் ஏலம் தேவலை என்றான், ஒரு பெண் மெம்பர்கூட எழுந்து ஆண்பிள்ளைகளுக்குச் சரியாகப் பேசினார் என்றான். எல்லாம் சரி, என் பிள்ளை எந்தச் சொல்லைக் கேட்டு எழுந்தான் என்று கேட்டேன். அவன் திருதிருவென்று விழித்தான். அங்கே பேசுகிறதெல்லாம் இங்கிலீஷ், அவனுக்கு அதில் ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்தில் இருந்த ஏஜெண்டு எப்போதாவது காதில் சொன்னதுதானாம், நடுவில் கொஞ்சம் தூங்கியும் விட்டானாம். அப்புறம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அக்கா என்னை மாட்டி விட்டுடாதீங்க, கடலை வரத்தே உங்க வீட்டு அண்ணனை நம்பித்தான் இருக்கு என்று ஆரம்பித்து உண்மையைச் சொன்னான்.

நடந்தது இவ்வளவுதான். நீ வந்து உட்கார்ந்து எழுதினாய், சற்று நேரத்தில் இன்னொருவர் ஓசைப்படாமல் வந்து உட்கார்ந்தார், நீ எழுந்து போனாய். பிறகு அவரும் எழுந்து போனார், வேறொருவர் வந்தார். ஒருத்தரையும் நிலையாக உட்காரவிடாமல் அனுப்புகிறார்களே, பழனிவேலுக்கு வேலை போய்விட்டதோ என்று இவன் பயந்து, நம் வீட்டுக்கு வந்தன்றே உன் அப்பாவிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறான். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. உன் அப்பா சிரித்துவிட்டு, அட பைத்தியக்காரா, அது முறை, கிணத்துல கவலை இறைக்கிற மாட்டை மாத்திக் கட்டுற மாதிரி, எழுதினதை உள்ள போய்ப் படிச்சு டைப் அடிச்சு வைப்பாங்க, மறுபடி அவன் முறை வந்தா வந்து உட்காருவான் என்று விளக்கியிருக்கிறார். தீபாவளிக்கு நீ வந்தபோது சாப்பிடும்போது அவரிடம் சொன்னாயாமே. அடுப்போடு கிடந்தவளிடம் யார் சொல்லப் போகிறார்கள். ஆக எல்லாம் தெரிந்த மனிதர்தான் பந்தலில் உட்கார்ந்து உன்னை ரோஷக்காரன் ஆக்கியிருக்கிறார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. அன்று இரவு சோறு போடும்போது, டில்லியில் எழுதுகிறவர்கள் முறை மாற்றி எழுதுவார்களாமே என்று மட்டும் கேட்டேன். அவர் தலை நிமிரவில்லை. பொம்பளைங்களுக்கு எதுக்கு அசெம்பிளிப் பேச்சு, மோரை ஊத்து என்றார். ஊற்றினேன்.

ஜானகியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவளோ, அப்பா சொன்னது பொய்யின்னு தெரிஞ்சுபோச்சு சரி, அண்ணன் என்ன சொல்லுதுன்னு எங்கேம்மா தெரிஞ்சுது என்றாள். யோசித்துப் பார்த்தால் அதே சந்தேகம் எனக்கும் வந்து உட்கார்ந்துவிட்டது. முறை வந்து எழுந்தவன் முறை வந்து திரும்பியும் உட்கார்ந்து அந்தப் பேச்சையெல்லாம் எழுதியிருப்பாய். ஒரு நாள் பேச்சு அல்ல, பல நாள் நடந்ததாகப் பத்திரிகையில் போட்டிருக்கிறான் என்று ஊரில் சொல்கிறார்கள். சபையில் மணி அடிப்பதையும், ஒரு மெம்பரின் மூக்குக் கண்ணாடி உடைந்ததையும், மத்தியானம் என்ன சாப்பாடு என்பதையும் ஒன்று விடாமல் எழுதுகிறவன், பெண்பிள்ளைகளின் சங்கதி பேசினதைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதவில்லையே, ஏன்? மறந்தாயா, மறைத்தாயா? உன் அப்பா உன் பெயரைச் சொல்லிக் காரியம் செய்வது உனக்குத் தெரியாமலா நடக்கிறது? நீயும் அவரும் தனியாகக் கடிதம் போட்டுக்கொள்கிறீர்களா? பெற்ற பிள்ளையை இப்படிக் கேட்க எனக்கே வாய் கூசுகிறது, கேட்காமல் இருந்தால் தூக்கம் வரவில்லை.

நீ திருச்சியில் சுருக்கெழுத்துப் படித்துக்கொண்டிருந்த காலம் நினைவிருக்கிறதா? லீவுக்கு வந்தால் ஜானகியை உட்கார வைத்து வேகமாகப் பேசச் சொல்வாய். அவளுக்குப் பேச ஒன்றும் கிடைக்காமல் உன்னையே திட்டுவாள், நீ கோழி கிளறின மாதிரி கிறுக்கிவிட்டு, அவள் திட்டினதை ஒரு சொல் பிசகாமல் திருப்பி வாசிப்பாய். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பாள். நேற்று அதைச் சொல்லித்தான் அழுதாள். ஊரார் சொல்லுகிறதையெல்லாம் எழுதுகிற அண்ணனுக்குத் தன் சொல்லாக எனக்கு ஒரு வரி எழுத முடியாதா என்று கேட்டாள். அண்ணனுக்கு வேண்டும் என்றால் அந்தக் கொல்லையை வாழ்த்திக் கொடுத்துவிடுவாளாம். ஆனால் அண்ணன் வாயால் கேட்க வேண்டுமாம், எழுந்து போன கதையை வைத்துக் கையெழுத்துப் போட மாட்டாளாம். இந்த அளவுக்காவது அவளுக்குத் தைரியம் இருக்கிறதே என்று எனக்கு ஒரு நிம்மதி.

அதனால் நீ இதற்குப் பதிலை எனக்கும் எழுத வேண்டாம், உன் அப்பாவுக்கும் எழுத வேண்டாம். மேல்விலாசத்தில் ஜானகி என்று போட்டு, தர்மராஜ் மண்டி, அரியலூர் என்று எழுது. சம்பூர்ணம் வாங்கிப் பூமாலையிடம் கொடுப்பாள், அவளை நான் கொஞ்சம் நம்புகிறேன். இதுவரை ஜானகி பெயருக்கு ஒரு தபால் வந்ததில்லை. டைப் அடித்து அனுப்பாதே, உன் கையால் எழுது, சித்திரை பிறக்கும் முன் வந்து சேரும்படி போடு. மிளகுப்பொடி சுற்றி அனுப்புகிறேன், பாலில் போட்டுக் குடி. ஹோட்டல் சாம்பாரை நம்பாதே. சபையில் யார் என்ன கத்தினாலும் நீ மனசை அலட்டிக்கொள்ளாமல் வேலையைப் பார். எல்லாத் தெய்வமும் உன்னைக் காக்கட்டும், தீர்க்காயுசாக இரு, நல்ல மனசோடு இரு.

இப்படிக்கு, உன்னை நம்பலாமா என்று தெரியாமல் நம்பிக்கொண்டிருக்கிற அம்மா,
கமலவேணி.

பின்குறிப்பு: ஜானகி பேனா ஒன்று வாங்கி வரச் சொல்லி மை ஊற்றி வைத்திருக்கிறாள். அதை எடுத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதா, உனக்குப் பதில் எழுதுவதா என்று நீ சொல்லுகிறபடி செய்வாளாம்.